ஞாயிற்றுக்கிழமை விமானம்

பெசன்ட் நகர் காபிக் கடையில் மாலை வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. விமானிகள் மூவர் உட்கார்ந்திருக்கிறார்கள். சங்கத்தின் சார்பில் பேச்சுவார்த்தைக்குப் போய்வந்த ஜொவிட்டா ஸ்பூனால் மேசையைத் தட்டுகிறார். "சம்பளம் ஏத்துவாங்களாம். ஆனா ஆஃப் அன்னைக்குக் கூப்பிட்டாலும் வந்தே ஆகணுமாம். இதுக்கா இத்தனை மாசம் பேசினோம்?" "ஒருத்தரும் போகக் கூடாது, அவ்ளோதான்," என்கிறான் கிளிஃபர்ட். லாய்ட் வேகமாகத் தலையாட்டுகிறான். ஞாயிறன்று தேவாலயத்தில் புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கப்போகும் மகளுக்குத் தைத்த வெள்ளைக் கவுன், காபி சிந்திவிடாதபடி உறையோடு அவன் மடியில் இருக்கிறது. கிளிஃபர்டின் போன் அதிர்கிறது, கம்பெனிதான். "சண்டே எனக்கு ஆஃப். வர மாட்டேன்," என்று சொல்லி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருகிறான். ஜொவிட்டா அவன் தோளில் தட்டுகிறார். தட்டிய கை இறங்குவதற்குள் லாய்டின் போன் ஒலிக்கிறது. "எடுக்காத மச்சி," என்கிறான் கிளிஃபர்ட். "அடுத்த மாசம் எனக்கு கேப்டன் டெஸ்ட்டுடா," என்கிறான் லாய்ட். கடற்காற்றில் கவுனின் உறை படபடக்கிறது. லாய்ட் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையோரம் போய்ப் பேசுகிறான். "யெஸ் சார்" மட்டும் இங்கே கேட்கிறது. திரும்பி வந்தவன் உட்காரவில்லை. "நீ மாட்டேன்னு சொன்ன ஃப்ளைட்டுதான் மச்சி," என்கிறான்.