காது வைக்கும் நேரம்

சேவுகனுக்குக் கையில் மாவுக்கட்டு. அதனால் இந்த வருடம் அய்யனாருக்கு மண்குதிரை செய்வது, அவர் கைவேலையைப் பார்த்தே பழகிய இயந்திரம்தான். அது இடது காதை வைக்காமல் நின்றுவிட்டது. இன்றே முடித்தால்தான் குதிரை திருவிழாவுக்குள் காய்ந்து சூளை ஏறும். வந்து பார்த்த மெக்கானிக், "பழுதே இல்லையே" என்று கையை விரித்தான்.

"சாப்பிட வாங்க!" அடுப்படியிலிருந்து மனைவி வள்ளிக்கண்ணு கூப்பிட்டாள். சேவுகன் அசையவில்லை. "இப்ப வர்றீங்களா, சோத்தை நாய்க்குப் போடவா?"

இயந்திரம் அவசர அவசரமாகக் காதை ஒட்டியது. சேவுகன் ஒட்டுவதுபோலவே சற்றுக் கோணலாக.

"நான் கத்தினாத்தான் நீங்க காது வைப்பீங்கன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு!" என்றாள், கரண்டியோடு வெளியே வந்து பார்த்த வள்ளிக்கண்ணு.

அடுத்த குதிரைக்கு, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே வள்ளிக்கண்ணு இயந்திரத்தின் முன்னால் போய் நின்று, "சாப்பிட வாங்க" என்றாள்.

"இந்தா வந்துட்டேன்" என்றார் சேவுகன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.