கண்மணி வாங்கிக்கொடுத்த தண்டனை

“நடுவர் அவர்களே, எங்க வீட்டுக்காரருக்கு அவரோட சாக்ஸ் எங்க இருக்குன்னே தெரியாதுங்க. அவரு வந்து புள்ளை வளர்ப்பைப் பத்திப் பேசறாரு.”

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. கண்மணி மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

1999 தீபாவளி. அமெரிக்காவில், பிளானோ நகரத்தில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ச் சங்கம் விழா நடத்திக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டிமன்றம். பள்ளிக்கூடத்தில் பிள்ளை துப்பாக்கியால் சுட்டால் தண்டனை பிள்ளைக்கா, பெற்றோருக்கா என்று தலைப்பு. அந்த வருஷம் டிவியைப் போட்டாலே இதே பேச்சுதான். அதனால் மாமியார், மருமகளுக்கெல்லாம் ஓய்வு கொடுத்துவிட்டு இதைப் பிடித்திருந்தார்கள்.

‘பெற்றோருக்கே’ அணியில் கண்மணி. ‘பிள்ளைக்கு மட்டுமே’ அணிக்குத் தலைவர் அவள் கணவர் கிட்டுசாமி. மூன்று வருஷமாக எந்தப் பக்கம் நின்றாலும் அவரே ஜெயித்தார். ஜெயித்துவிட்டு வந்து, ரசத்தில் உப்பு குறைந்தால்கூட ஒரு வாரத்துக்கு நடுவர் மாதிரி தீர்ப்பு சொல்வார். இந்தத் தடவை மனுஷனை மண்ணைக் கவ்வ வைத்தே தீருவது என்று கண்மணி கங்கணம் கட்டியிருந்தாள். பதினைந்து நாளாகக் குளியலறைக் கண்ணாடிதான் அவளுக்கு நடுவர்.

சும்மா சொல்லக்கூடாது, கிட்டுசாமி இன்றைக்குச் சொதப்பித்தான் விட்டார். காலையில் போய் ராத்திரி வருகிற அப்பனுக்கு வீட்டில் நடப்பது என்ன தெரியும், டீன் ஏஜ் பிள்ளை மனசுக்குள் புகுந்தா பார்க்க முடியும் என்று இரண்டு நிமிஷம் இழுத்தார். பாதியில் தண்ணீர் கேட்டார். வழக்கமான ஜோக்குகூட ஒன்றும் வரவில்லை. கண்மணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

“அப்பனை விடுங்க, அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாதுன்னா எப்படிங்க?” என்று அவள் குரலை உயர்த்தினாள். “எங்க வீட்ல ஏழு மசாலா டப்பா. ஒண்ணுல ஒரு ஸ்பூன் குறைஞ்சாலும் எனக்குத் தெரியும். தன் புள்ளை கைக்கு எட்டற தூரத்துல துப்பாக்கி இருக்கறது தெரியலைன்னா அவ என்ன அம்மா? அவளுக்கு ரெண்டு வருஷம் சேர்த்துப் போடுங்க.”

விசில் பறந்தது. எந்தப் பேச்சுக்கும் எழாத அனந்தராமன் அங்கிள் எழுந்து நின்று கைதட்டினார். முன்வரிசையில் மகள் தென்றல் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பட்டிமன்றம் என்றாலே போரடிக்கிற வயசு, பாவம்.

நடுவர் சிவராமகிருஷ்ணன் வாரநாளில் பல் டாக்டர். தீர்ப்பிலும் ஊசி போட்டு மெதுவாகத்தான் இழுத்தார். கடைசியில் அப்பாவுக்கு ஐந்து வருஷம், கண்மணி கேட்ட இரண்டையும் சேர்த்து அம்மாவுக்கு ஏழு வருஷம், தினமும் உப்பில்லாத உப்புமா என்று அறிவித்தார். யாரோ முகம் தெரியாத அம்மாவுக்குத்தானே ஏழு வருஷம், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்மணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பொன்னாடையைக் கழற்றாமலே கார் பார்க்கிங்குக்கு வந்தாள். பதினைந்து வயதுத் தென்றலுக்கு லேர்னர் பெர்மிட் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அப்பாவின் காரில்தான் தினமும் பழகுகிறாள். இப்போதும் சாவிக்குக் கை நீட்டினாள்.

“இன்னைக்கு நானே ஓட்டிக்கறேன் கண்ணு” என்றார் கிட்டுசாமி.

“ஏனுங்க, தோத்த ஆத்திரத்தைப் புள்ளை மேல காட்டாதீங்க. பின்னாடி உக்காருங்க” என்று கண்மணி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் தன் பேச்சைத் தானே மறுபடி ஒருமுறை பேசிக் காட்டினாள். எந்த இடத்தில் கைதட்டல், எந்த இடத்தில் விசில் என்று கணக்காகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தென்றல் “யா அம்மா” என்றாள். பின்சீட்டில் கிட்டுசாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். நன்றாக வேண்டும் என்று கண்மணிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அந்தக் குஷியில் அவள் பேசிய வேகத்துக்கு, வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் ஸ்டாப் சைனில் தென்றல் முழுசாக நிறுத்தாமல் திரும்பிவிட்டாள். உடனே பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. ஆனாலும் பிள்ளை பதறவில்லை. ஓரமாக நிறுத்தி, ஜன்னலை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டாள்.

“கண்மணி, நீ எதுவும் பேசாத. நான் பேசிக்கறேன்” என்று பின்னாலிருந்து கிட்டுசாமி அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

மேடையில் பேசிக் கிழித்தது போதாதா என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போலீஸ்காரர் சின்ன வயது, மரியாதையான ஆள். பெர்மிட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு, வண்டிக்குள் ஆயுதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

கண்மணிக்குச் சிரிப்பு பீறிட்டது. இதைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசி ஜெயித்துவிட்டு வருவதாக, பொன்னாடையைத் தூக்கிக் காட்டி இங்கிலீஷில் விளக்கினாள். தங்கள் குடும்பத்தில் ஆயுதம் என்றால் அரிவாள்மணை ஒன்றுதான் என்றாள். அதற்கு இங்கிலீஷ் வார்த்தை வராமல், மடியில் கத்திரிக்காய் நறுக்குவது போல் நடித்தே காட்டினாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தென்றல் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், அம்மாவின் முழங்காலுக்கு எதிரே மூடியிருந்த சின்னப் பெட்டியைக் கண்ணால் காட்டினாள். வகுப்பில் பதில் சொல்கிற மாதிரி நிதானமாக இங்கிலீஷில் சொன்னாள்.

“க்ளவ் பாக்ஸ்ல ஒண்ணு இருக்கு சார், அப்பாவோடது. உள்ள புல்லட் போட்டிருக்கு, பாத்து எடுங்க.”