தோள் கொடுத்தவன்

“நீதிபதிக்குத் தெரியாம ஒரு வேலை பண்ணியிருக்கோம், பிரதர்ஸ்!” என்று மைக்கில் கண்ணடித்தார் கிளென், பழைய மாணவர் சங்கத் தலைவர். “அவரோட ஜோடியை மொன்டானாவுல தேடிப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டோம்!”

கடைசி மேசையிலிருந்து எழுந்தவனைப் பார்த்ததும் நீதிபதி ரஸல் ஹாகன் கடித்த கோழித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். லைல்! தலை முழுக்க நரைத்து, சட்டைக் காலர் இறுக, சிரித்துக்கொண்டே வந்துகொண்டிருந்தான்.

இந்த அயோவா கல்லூரியின் சகோதர சங்கத்தில் சேருகிறவர்கள், இரண்டிரண்டு பேராகத் தோளில் கைபோட்டுத்தான் உறுதிமொழி எடுப்பார்கள். பிற்காலத்தில் யாராவது பெரிய மனுஷனாகி விருது வாங்கினால், பதக்கத்தைக் குத்தும் உரிமை அந்த ஜோடிக்குத்தான். குத்தி முடிக்கிறவரை வாங்குகிறவர் நாற்காலியை விட்டு எழவும் கூடாது.

மூன்று வருஷமாக இந்த விருதைத் தட்டிக்கழித்து வந்தவர் ரஸல். ‘ஜோடியின் விலாசம் யாருக்கும் தெரியாது’ என்று உறுதியான பிறகுதான் இந்தத் தடவை தலையை ஆட்டினார். ஆட்டிய தலை இப்போது சரியாக மாட்டிக்கொண்டது.

கிளென் பாராட்டுரையைப் படிக்க ஆரம்பித்தார். “முப்பது வருஷமா ஒவ்வொரு சனிக்கிழமையும் சிறைக் கைதிகளுக்குக் காசு வாங்காம சட்ட உதவி… ஆதரவில்லாத ஒரு தாயைச் சொந்த மகன் மாதிரி கடைசிவரைக்கும் பார்த்துக்கிட்டவர்…”

முன்வரிசையில் மனைவி மார்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரஸலுக்கோ ஒவ்வொரு வரியும் குற்றப்பத்திரிகையாகத்தான் காதில் விழுந்தது. அந்தத் தாய், லைலின் தாய்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு கால்பந்துப் போட்டி நாள், மதியம். இரண்டு பேருக்கும் மூக்கு முட்டப் பீர். ரஸலின் அப்பா கார். சைக்கிளில் போன ஒரு தபால்காரர் அந்தக் காரில் அடிபட்டு அங்கேயே உயிரைவிட்டார்.

ரஸலுக்கு எதுவுமே நினைவில்லை. கண் விழித்தபோது சாலையோரப் புல்லில் கிடந்தார், காலில் வெறும் காலுறை. ஷூ இரண்டும் காரின் பின்சீட்டில் கிடந்தன. லைல் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, “நீ மோதிட்டேடா. பயப்படாதே, நான் ஏத்துக்கறேன். நீ சட்டம் படி, எங்கம்மாவை மட்டும் பார்த்துக்க” என்றான்.

தோளில் கைபோட்டு உறுதிமொழி எடுத்தவன் வேறெப்படிச் செய்வான்? ரஸல் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. லைல் ஆறு வருஷம் உள்ளே இருந்தான், வெளியே வந்ததும் வடமேற்கே போனவன் முகமே காட்டவில்லை.

“என்னடா, பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறே?” கிளென் கொடுத்த மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, லைல் பதக்கத்தோடு குனிந்தான். புகையிலை வாசனை குப்பென்று அடித்தது.

“எதுக்குடா வந்தே?” உதடு அசையாமல் கேட்டார் ரஸல்.

“சொல்ல வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு. இன்னும் எத்தனை வருஷம்தான் நெஞ்சுல வச்சுக்கிட்டே இருக்கறது?”

“இத்தனை பேர் முன்னாடியா? மார்லா இருக்காடா…”

“ஆடாதே. ஊசி குத்திடும்.”

எழுந்து ஓடலாம் என்றால் வழக்கம் பிடித்து உட்கார வைத்திருக்கிறது. உட்கார்ந்திருக்கலாம் என்றால் லைலிடம் மைக் இருக்கிறது. நாளைக் காலைப் பத்திரிகை, பறிபோகப் போகிற பதவி, மார்லாவின் முகம் என்று எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்துபோயின.

கூடவே, ஆச்சரியமாக, ஒரு வெட்கமும் வந்தது. ஆறு வருஷம் கம்பி எண்ணியவன் எதிரே நிற்கிறான், தான் பதவியைப் பற்றிக் கவலைப்படுகிறோமே! இவன் வாயால் வருவதைவிடத் தன் வாயால் வருவதே மரியாதை என்று தோன்றியது.

சட்டென்று மைக்கைப் பிடுங்கினார். “பிரதர்ஸ், இந்தப் பதக்கத்துக்கு நான் தகுதியில்லாதவன். உங்ககிட்ட ஒரு உண்மையைச்…”

“பார்த்தீங்களா, எவ்வளவு தன்னடக்கம்!” என்றார் கிளென். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. தட்டத் தட்ட ரஸலின் குரல் அமுங்கிப் போயிற்று.

அந்த இரைச்சலில் லைல் மைக்கை உள்ளங்கையால் பொத்தினான். முகத்தில் சிரிப்பு இல்லை. “வாயை மூடுடா, மடையா! என்ன சொல்லித் தொலைக்கப் போறே?”

“நான் கொன்னதை. நீ உள்ளே போனதை. என்னை விடு லைல், என்னால இனிமே முடியாது.”

லைல் பதக்கத்தைச் சட்டென்று அழுத்தினான். ஊசி சட்டையைத் தாண்டித் தோலிலேயே இறங்கியது. ரஸலுக்கு அந்த வலிகூட உறைக்கவில்லை.

“எங்கம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தப்போ நீதான் தூக்கிட்டு ஓடினியாம். அடக்கம் பண்ணினதும் நீதானாம். இப்பதான் கிளென் படிச்சார்.”

“உன் ஆறு வருஷத்துக்கு முன்னால அதெல்லாம் எந்த மூலைக்குடா?”

“அப்பா இல்ல, கூடப் பிறந்தவன் இல்ல. நான் உள்ளே போயிட்டா அவளைத் திரும்பிப் பார்க்க ஒரு நாதி கிடையாது. அதனாலதான்டா அப்படி…” லைலின் கண்ணீர் பொலபொலவென்று ரஸலின் தோளில் விழுந்தது.

“அதனாலதான் என்னடா? என்ன பண்ணினே?”

லைல் அவர் காதருகே குனிந்தான்.

“காரை ஓட்டினது நான்தான்டா.”