முப்பத்தெட்டு டிகிரி

"என்னது, நம்ம பவளப்பாறை அடுத்த வருஷம் செத்துப்போயிடுமா?"

மீனவர் தலைவர் ஜுமாடிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில்தான் முக்குளித்துப் பார்த்திருந்தார். பவளம் தளதளவென்று இருந்தது.

டாக்டர் ரெட்னோ மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். பவளம் எவ்வளவு வளரும், எப்போது மடியும் என்று கணக்குப் போட்டுப் படம் காட்டுகிற கணினி அது. மூன்று மாதத்துக்கு முன் விரிகுடாவில் அவள் கட்டித் தொங்கவிட்டுப் போன வெப்பமானி, நகரத்திலிருந்த அவளுக்குத் தினமும் கடலின் சூட்டை அனுப்பிக்கொண்டிருந்தது.

"இருபத்தொன்பது டிகிரியில இருந்த தண்ணி, போன மாசப் புயலுக்கப்புறம் முப்பத்தெட்டுக்கு ஏறிடுச்சுண்ணே. ராவும் பகலும் இறங்கவே இல்ல."

"முப்பத்தெட்டா! அந்தத் தண்ணியில முங்கினா நான் குழம்பு மீனாத்தானே வெளிய வந்திருப்பேன்?"

"விளையாடாதீங்க. எனக்கும் நம்ப முடியலதான். கணக்கை மூணு தடவை சரிபார்த்துட்டேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

"அதுக்கு நீச்சல் தெரியுமா? வாங்க, நீங்களே கையை விட்டுப் பாருங்க."

"கரையோரத் தண்ணியெல்லாம் கணக்குல வராதுண்ணே."

அவள் ஒரு தாளை நீட்டினாள். இரண்டு வருஷத்துக்கு விரிகுடாவில் ஒருவரும் வலை போடக் கூடாது. அப்படி விட்டால் கொஞ்சம் பவளமாவது பிழைக்குமாம்.

அறுபது வீட்டு அடுப்பும் அந்த விரிகுடாவை நம்பித்தான் எரிகிறது. ஆனால் பவளம் போனால் மீனும் போய்விடுமே! ஜுமாடிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடக் குனிந்தார்.

"கொஞ்சம் இருங்க!" அவர் மனைவி சஹாரியா மூச்சிரைக்க வந்து நின்றாள். "டாக்டரம்மா, படிச்சவங்க நீங்க. எனக்கு ஒரு சந்தேகம்."

"அடியே, ஊரே மூழ்கப்போகுது. இப்பத்தான் உனக்குச் சந்தேகம் வரணுமா?"

"நீங்க சும்மா இருங்க. இது புயலன்னிக்குக் கரையில ஒதுங்கிச்சும்மா. ஏதோ பெரிய பறவையோடதுன்னு எடுத்தாந்தேன்."

கைலி மடிப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். வெள்ளை வெளேரென்று உருண்டையாக இருந்தது. நுனியில் பச்சை விளக்கு மினுக்மினுக்கென்றது.

ரெட்னோ ஜுமாடில் கையிலிருந்த பேனாவை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"கோழிக்கு அடியில வச்சு இன்னையோட இருபத்தோரு நாள்," என்றாள் சஹாரியா. "மத்த ஒம்பதும் பொரிச்சிடுச்சு. இது மட்டும் ஏம்மா பொரிக்கல?"