பின்னால் வந்த லாரி

“மலை ரோட்டுல தனியா போறியே, எவனாவது பின்னாடியே வந்தா என்னடி பண்ணுவ?” என்று அக்கா ஒருநாள் கேட்டபோது அவள் சிரித்தாள். இன்று சிரிப்பு வரவில்லை.

சேற்றுப் பாதையானாலும் தார்ச்சாலையானாலும் சளைக்காத சின்ன பைக் அவளுடையது. மண்பாதையில் குறுக்கே இறங்கித் தார்ச்சாலையைப் பிடித்ததிலிருந்து ஒரு லாரி விடாமல் பின்தொடர்ந்தது. பனிமூட்டத்தில் ஓரமாக ஒதுங்கி, முன்னே போகச் சொல்லிக் கை காட்டினாள். போகவில்லை. அவள் நின்றால் அதுவும் நின்றது.

வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. “அக்கா!” என்று அலறினாள்.

அக்கா துடைப்பத்தோடு பாய்ந்து வந்தாள். “யாருய்யா நீ? பொம்பளப் பிள்ளை பின்னாடி...” என்றவள், பைக்கின் பின்பக்கத்தைப் பார்த்ததும் துடைப்பத்தைத் தாழ்த்தினாள்.

“அடிப்பாவி! பின்னாடி லைட்டையே காணோம், சேறு அப்பிக் கிடக்கு. இந்தப் பனியில எந்த வண்டிக்காரன் கண்ணுக்குடி நீ தெரிஞ்சிருப்ப? அடிச்சுத் தூக்கிட்டுப் போயிருப்பான்!”

அதற்குள் லாரி திரும்பியிருந்தது. அதன் பின்புறத்தில் இரண்டு விளக்குகளும் இன்னும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தன. மலை முழுக்க அவளுக்குப் பின்விளக்காக வந்தவை அவைதான்.

“அண்ணே, ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போங்கண்ணே!” என்று அவள் லாரியின் பின்னால் ஓடினாள்.

டிரைவர் சன்னல் வழியே கையை மட்டும் அசைத்துவிட்டு, வந்த வழியே மலையேறிப் போனார்.