பின் சீட்டில் மூன்று கேன்

"அக்கா, வீட்ல ஏதாவது விசேஷமா?"

தண்ணீர் கேன் கடைக்காரர் போனில் கேட்டது அவளுக்குப் புரியவில்லை.

"எங்க வீட்ல காலிங் பெல் அடிச்சாலே விசேஷம்தான். ஏன் கேக்கறீங்க?"

"ரெண்டே பேருன்னு வாரத்துக்கு ஒரு கேன்தான் வாங்குவீங்க. சார் ஒரு மாசமா ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூணு கேன் எடுக்கறாரு. இன்னிக்கும் எடுத்திருக்காரு. காலி கேன்தான் சரியா திரும்பி வரல, அதான்..."

போனை வைத்துவிட்டாள்.

கைக்குட்டை வாங்கக்கூட இவளைக் கேட்கும் மனுஷன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். யாருக்குத் தண்ணீர் சுமக்கிறார்?

வாசலில் கணவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை எங்க கிளம்பியாச்சு?"

"ஆபீஸ்ல கொஞ்சம் வேலை."

"நானும் வர்றேன்."

"அங்க வந்து நீ என்ன பண்ணப் போற?"

"உங்களுக்குத் தாகம் எடுத்தா கேனைச் சாய்ச்சு ஊத்தறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அதற்கும் தெம்பில்லாதவர் போல, "சரி, வா" என்றார்.

பேட்டரி கார் சத்தமில்லாமல் கிளம்பியது. பின் சீட்டில் மூன்று கேனும் சம்பந்தி வீட்டார் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தன.

"யாரு அவ?" என்றாள்.

"எவ?"

"தெரியாத மாதிரி கேட்டா விட்டுடுவேனா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் அண்ணனின் போன். காரின் ஸ்பீக்கரில் குரல் இரைந்தது.

"மாப்பிள்ளை, கலக்கிட்டீங்க! உங்க லேப் ரிப்போர்ட் வந்த அன்னிக்கு ஏறின ஷேர், இன்னும் இறங்க மாட்டேங்குது. பெட்ரோலுக்குப் பால் ஊத்தியாச்சு, இனிமே உலகமே லித்தியம்தான். தங்கச்சி, ரெண்டு வளையலைத்தானே வித்த? நாலா போட்டுக்கப் போற, பாரு!"

"வண்டி ஓட்டறேன், மச்சான். அப்புறம் பேசறேன்" என்று துண்டித்தார் கணவர்.

"எங்கண்ணன் போன்னா மட்டும் உங்களுக்கு ரோடு குறுகிடும்" என்றாள். அவர் வேலை பார்ப்பது லித்தியம் சுரங்கக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில். "உங்க கம்பெனி ஷேரை நீங்க வாங்கல. கட்டின பொண்டாட்டி வாங்கினாலும் பொறுக்கல."

அவர் காரை மண் ரோட்டில் திருப்பினார்.

சுரங்கத்தின் கம்பி வேலியைத் தாண்டி, தகரக் கூரை வீடுகள் வரிசையாக இருந்த இடத்தில் கார் நின்றது. இறங்குமுன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி டாஷ்போர்டு பெட்டியில் போட்டு மூடினார்.

'யாருன்னே காட்டிக்காம குடித்தனமா? நடக்கட்டும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இவளும் இறங்கினாள்.

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் தையல் மிஷினை விட்டு எழுந்து ஓடி வந்தாள். கையில் காலி கேன். அவளுக்குப் பின்னால் குடத்தோடு ஏழெட்டுப் பேர்.

"வாங்கண்ணே! இது யாரு, அண்ணியா? உக்காருங்க அண்ணி."

கணவர் கேனைத் தோளில் தூக்கிவந்து, ஒவ்வொரு குடத்திலும் சிந்தாமல் அளவாக ஊற்ற ஆரம்பித்தார். வீட்டில் தன் தட்டைக்கூட எடுத்து வைக்காத மனுஷன்!

இவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "ஏம்மா, இங்க கிணறு கிடையாதா?" என்று தையல்காரியிடம் கேட்டு வைத்தாள்.

"இருக்கே அண்ணி. சுரங்கம் வந்ததிலிருந்து தண்ணியை வாயில வைக்க முடியல. குடிச்ச பிள்ளைங்களுக்கெல்லாம் வயித்து வலி. கம்பெனியில போய்க் கேட்டா, தண்ணி சுத்தமா இருக்குன்னு ஒரு பேப்பரை ஒட்டி வெச்சிருக்கான். கீழ எவனோ ஒரு ஆபீசர் கோழி கிளறின மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கான். அந்தக் கை விளங்குமா? அவன் வீட்ல இந்தத் தண்ணியைக் குடிப்பானா?"

குடத்தில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி விழுந்தது.

இவள் கணவரைப் பார்த்தாள். அவர் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க... இவர் யாருன்னு..." என்று இவள் ஆரம்பித்தாள்.

"அண்ணன் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறாரு. பலன் பாக்காம யாரு இப்படிச் செய்யறா?"

தையல்காரி சட்டென்று இவளுடைய வளையலில்லாத வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"தூண்டிவிட நல்ல பொண்டாட்டி இல்லேன்னா ஆம்பளைக்கு இதெல்லாம் தோணுமா? இந்தக் கை நல்லா இருக்கணும், அண்ணி."

இவள் சுட்டுக்கொண்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

போன மாதம் சாப்பாட்டு மேஜையில், கையெழுத்துக்கு வந்த அந்தத் தண்ணீர் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, "பேனா எழுத மாட்டேங்குது, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று இவர் நழுவப் பார்த்தபோது, மளிகை லிஸ்ட் எழுதும் பேனாவைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, இவர் விரலிடுக்கில் சொருகியது அந்தக் கைதான்.