தகரக் கூரை

ஞாயிறு பகலில் காத்தமுத்துவின் கைபேசி அடித்தது. மகள் கிருஷ்ணகுமாரிதான். நோர்வேயில் இருந்துகொண்டு துருவப் பனியை வானிலிருந்து எடுக்கும் செய்மதிப் படங்களில் அளக்கும் ஆராய்ச்சியில் அவளுக்கு இது ஏழாவது வருடம்.

“சாப்பிட்டீங்களாப்பா?”

“ஆச்சும்மா. நம்ம லயத்து வீட்டு வாசல்லதான் ஒக்காந்திருக்கேன். நீ அங்க தனியா கெடக்கிறியா?”

“தனியாவா! கூட வேலை செய்றவங்க எல்லாம் சொந்தக்காரங்க மாதிரி. வாராவாரம் யாராச்சும் வீட்டுல விருந்துதான்.”

“ஒன்னோட செய்மதி ஐஸை மட்டுந்தான் பாக்குமா? நம்ம தோட்டத்தையும் பாக்குமா?”

அவள் சற்றுத் தயங்கினாள்.

“பாக்கும்ப்பா. நேத்துகூடப் பாத்தேன். நம்ம லயத்துத் தகரக் கூரை வெயில்ல பளபளன்னு தெரிஞ்சிச்சு. ஒங்க பக்கத்துலயே இருக்கிற மாதிரி இருந்திச்சு.”

“அப்படியா... சரிம்மா. வச்சிர்றேன்.”

பிளேன்டீ கொண்டுவந்த முதியோர் இல்லப் பணிப்பெண் அவர் முகத்தைப் பார்த்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன்பே மண்சரிவு தேயிலைத் தோட்டத்து அந்த லயத்தை, வரிசை வீடுகள் மொத்தத்தையும், கூரையோடு மூடிவிட்டது. சொன்னால் படிப்பை, வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று காத்தமுத்து அவளிடம் மூச்சுக்கூட விடவில்லை. மண்ணுக்குள் கிடக்கிற கூரையை அவள் நேற்றுப் பார்த்திருக்கிறாள். அப்படியென்றால் அந்த வாராவார விருந்துகள்?

“மகள் எப்படி இருக்காங்க?” என்று பணிப்பெண் சிங்களத்தில் கேட்டாள்.

காத்தமுத்து கோப்பையை வாங்கிக்கொண்டார்.

“என்னை மாதிரியேதான் இருக்கா.”